ஒழுக்கு நின்ற மத்தியானம்

போன மாதம் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பையன் கேட்டிருந்தான். மேல் மாடிக்குத் தண்ணீர் சரியாக ஏறவில்லை, மெயின் பைப்பிலேயே நேராகப் பம்பு மாட்டிவிடலாமா என்று. அவ்வளவுதான். குழுவில் இத்தனை என்ஜினியர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருவர் பைப்பின் அகலம் போதாது என்றார். இன்னொருவர் ஒவ்வொரு வளைவிலும் அழுத்தம் குறையும் என்று படம் போட்டு அனுப்பினார். எதற்கும் உதவாத ஒருவர் பம்பு விற்கும் கடையின் விளம்பரத்தை அனுப்பினார். எல்லோருக்கும் ஒரே குஷி.

நான் ஒரே ஒரு வார்த்தை எழுதினேன். மாட்டாதீர்கள். "ஏன் ஆன்டி?" என்று கேட்டு, கூடவே சிரிக்கிற பொம்மை ஒன்றும் வந்தது. ஃபோனில் ஒற்றை விரலால் தட்டி விளக்குகிற விஷயமா அது? அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் என் வயதுக்காரர்கள். டிரம்மில் தண்ணீர் பிடித்து வைத்து டின்னால் மொண்டு குளித்தவர்கள்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம். கிள்ளானில், மேரு போகும் சாலையை ஒட்டிய வரிசை வீடுகள் ஒன்றில் இருந்தோம். அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. வீட்டுக்கு முன்னால் இருந்த புல் பழுப்பாகி, மிதித்தால் நொறுங்கியது. பள்ளிக்கூடத்தில் முகம் கழுவக் கூடாது என்றார்கள். குழாயில் மத்தியானம் மட்டும் கொஞ்ச நேரம் தண்ணீர் விடுவார்கள். அந்த நேரத்துக்காகத் தெரு முழுக்க வாளிகள் காத்திருக்கும்.

எங்கள் வரிசைக்குப் பைப்பு தலைமாட்டிலிருந்து வந்தது. முதல் வீட்டுக்காரர்கள் பிடித்து, இரண்டாம் வீட்டுக்காரர்கள் பிடித்து, அப்படியே வந்து எங்கள் வீட்டை அடையும்போது நூல் மாதிரி ஒழுகும். எங்களுக்கு அடுத்து ஒரு லோங்காங். பெரிய சாக்கடைதான், நாம் அதை லோங்காங் என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். மேட்டுப் பக்கத்து வீடுகளின் கழிவெல்லாம் அதில்தான் வரும். அதைத் தாண்டி ஒரே ஒரு வீடு, கடைசி வீடு. அந்த வீட்டுக்குப் போகும் பைப்பு லோங்காங்கின் அடியிலேயே, கறுப்புத் தண்ணீருக்குள் கிடந்தது. நடுவில் ஒரு மூட்டு விட்டுப்போய், யாரோ சைக்கிள் ட்யூபைச் சுற்றி வைத்திருந்தார்கள். தண்ணீர் வரும் நேரத்தில் அந்த இடத்திலிருந்து சாக்கடைக்குள்ளிருந்தே சுத்தமான நீர் குமிழ் விட்டுக்கொண்டு மேலே வரும். நானும் தம்பியும் லோங்காங்கின் மேலிருந்த சின்னப் பாலத்தில் குப்புறப் படுத்து அதைப் பார்ப்போம். அது ஒன்றுதான் அந்த லோங்காங்கில் அழகாக இருந்தது.

கடைசி வீட்டில் ஓர் அக்கா இருந்தார். கைக்குழந்தைக்காரி. புருஷன் லோரி ஓட்டுகிறவர், பாதி நாள் ஜோகூர்ப் பக்கம் போய்விடுவார். வரிசையிலேயே பெரிய ஐஸ்பெட்டி அவர் வீட்டில்தான் இருந்தது. நீளமான பிளாஸ்டிக் பையில் ரோஸ் சிரப்பை ஊற்றி, முடிச்சுப் போட்டு உறைய வைத்து விற்பார். அந்த வெயிலில் அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு பிறகு கடிக்கும் சுகம் எனக்கு இன்னும் பல்லில் இருக்கிறது. அக்கா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பையைத் தொடுவார். தண்ணீர் இல்லாத காலத்திலும் கழுவுவார். அதற்காகவே அம்மா அவரைக் கிண்டல் செய்வாள்.

சாயங்காலமானால் எங்கள் வீட்டுக் கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையில் மூன்று ஆண்கள் கூடுவார்கள். அங்கே கார் இருந்ததே இல்லை. அப்பா எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்த்தவர். பக்கத்து வீட்டு அங்கிள் ரயில்வேயில் வரைபடம் வரைகிறவர், மெதடிஸ்ட் சபைக்காரர், எல்லோரையும் பிரதர் என்று கூப்பிடுவார். மூன்றாவது ஆள் என் மாமா. அம்மாவின் தம்பி. என்ஜினியர் படிப்பை முடித்துப் பெட்டாலிங் ஜெயாவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார். சனி ஞாயிறு மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார். இவர்களுக்குப் பந்து விளையாட்டில் ஆர்வமில்லை, சினிமா பிடிக்காது. தண்ணீர் பிடிக்கும். அது எப்படி ஏறுகிறது, எங்கே நிற்கிறது, எதற்காக முக்குகிறது. சாக்குக் கட்டியால் தரையில் படம் வரைந்து சண்டை போடுவார்கள்.

"படம் வரைஞ்சா வாளி நெறையுமா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்பாள்.

"நெறையும் பாருக்கா," என்பார் மாமா.

ஒரு சனிக்கிழமை நிறைந்தே விட்டது. ஆலையில் கழித்துப் போட்ட ஒரு பம்பை அப்பா கொண்டு வந்து பிரித்து, துடைத்து, ஓடவைத்திருந்தார். அதைக் குளியலறைச் சுவரோரம் மெயின் பைப்பில் நேராக மாட்டினார்கள். அப்படி மாட்டக் கூடாது என்று சட்டம் இருந்தது, மூன்று பேருக்கும் தெரியும். மத்தியானம் தண்ணீர் விட்ட நேரத்தில் அப்பா சுவிட்சைத் தட்டினார். வீடு அதிர்ந்தது. வாசலில் உயரமான மேடையில் வைத்திருந்த டிரம்முக்குள் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. அங்கிள் கைதட்டினார். தம்பி தரையில் குதித்தான்.

அப்பா சுயநலக்காரர் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்கள் அவரை வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது. டிரம்மின் அடியில் ஒரு குழாய் வைத்தார். அக்கம்பக்கத்தார் எல்லோரையும் வந்து பிடித்துக்கொள்ளச் சொன்னார். பம்பு ஓடத் தொடங்கியதும் கடைசி வீட்டில் சொட்டுக்கூட வரவில்லை. அப்பா இரண்டு வாளியைத் தானே தூக்கிக்கொண்டு போய் அக்காவின் வாசலில் வைத்தார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். அந்தத் தண்ணீரே அவருக்கு வரவேண்டிய தண்ணீர்தான் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

டிரம்மின் குழாய் தம்பியின் வாய் உயரத்தில் இருந்தது. அம்மா எப்போதும் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் தருவாள். ஆனால் அவன் விளையாடிவிட்டு வந்து குழாயில் வாயை வைத்து மடக்மடக்கென்று குடிப்பான். திட்டினால் சிரிப்பான். முன்பல் இரண்டும் இல்லாத சிரிப்பு.

ஒரு நாள் மத்தியானம் அம்மா என்னிடம் ஒரு கிண்ணம் கறியைக் கொடுத்து அக்கா வீட்டுக்கு அனுப்பினாள். அக்கா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். "கையக் கழுவிட்டு ஐஸ் எடுத்துக்கலா," என்றார். நான் குளியலறைக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை. உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம் கேட்டது. காற்று வெளியே வருகிறதாக்கும் என்று குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தேன். கை ஒட்டிக்கொண்டது. குழாய் என் கையை உள்ளே இழுத்தது.

நான் போட்ட கத்தலில் குழந்தையும் கத்தியது. கையைப் பிய்த்துக்கொண்டு ஓடினேன். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு வட்டம் இருந்தது. சுவருக்குப் பின்னால் ஏதோ ஒன்று வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது, அது தாகமாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். அதற்குப் பிறகு எந்தக் குழாய்ப் பக்கமும் நான் போகவில்லை. டிரம் தண்ணீரைத் தொடவில்லை. அம்மா போட்ட சூடான தேநீரை மட்டும் குடித்தேன். பிடிவாதம் என்று சொல்லி அம்மா தலையில் குட்டினாள்.

மூன்று ஆண்களிடமும் சொன்னேன். அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"அடடா, நல்ல கேள்விலா!" என்றார் மாமா. உடனே சாக்குக் கட்டி வந்தது. வரிசை, பைப்பு, எங்கள் பம்பு, கடைசி வீட்டுக் குழாய். "மேலேர்ந்து வர்ற தண்ணிய விட பம்பு ஜாஸ்தியா இழுக்குது. பத்தலன்னா அந்தப் பக்கத்துலேர்ந்தும் இழுக்கும். குழாயத் தொறந்தா காத்து உள்ள போகுது. அவ்ளோதான். பேயும் இல்ல, ஒன்னும் இல்ல."

"கரெக்ட் பிரதர்," என்றார் அங்கிள். அப்பா என் உள்ளங்கையைப் பார்த்து ஊதிவிட்டார்.

அவர்கள் சொன்னது அத்தனையும் சரி. குழாய் ஏன் இழுக்கிறது என்று கண்டுபிடித்த கெட்டிக்காரர்கள், எதை இழுக்கிறது என்று கேட்கவில்லை. விடை கிடைத்த மகிழ்ச்சியில் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரமோ அதற்கடுத்ததோ, பாலத்தில் படுத்திருந்த தம்பி ஓடிவந்தான். "அப்பா, குமிழியக் காணோம்!" பம்பு ஓடிக்கொண்டிருந்த நேரம். நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். சைக்கிள் ட்யூப் சுற்றிய இடத்தில் ஒழுக்கு நின்றிருந்தது. மேலே வரும் நீர் இல்லை. அந்த இடத்தில் கறுப்புத் தண்ணீர் லேசாகக் குழிந்து, ஒரு இலை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் குழியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒதுங்கினேன்.

"பாத்தீங்களா?" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "ஒழுகி வீணாப் போற தண்ணியையும் நம்ம பம்பு விடாம இழுத்துருச்சு."

மாமா அப்பாவின் தோளில் தட்டினார். அங்கிள் மூட்டைப் பார்த்தபடி ஏதோ யோசித்தார், பிறகு அவரும் சிரித்தார். படித்தவர், வரைகிறவர், பாய்லர் பார்க்கிறவர், மூவரும் சாக்கடைக்கு மேலே நின்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்ட அந்த மத்தியானத்தை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் வெயில் சூடு என்று அம்மா எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாள். காய்ச்சல் இறங்கவில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஏறியது. வயிறு உப்பிக்கொண்டது. என்னைப் பார்த்து யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டான், அப்படி ஒருவரும் எங்கள் வீட்டில் இல்லை. அப்போது எதிர் வீட்டில் இரண்டு பிள்ளைகளும் படுத்துவிட்டார்கள். தலைமாட்டு வீட்டிலும் ஒன்று. தம்பியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன மத்தியானம் அவன் கால் அப்பாவின் கைக்கு வெளியே துணி மாதிரி தொங்கியது. அவன் திரும்பி வரமாட்டான் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நடந்துவிடும் என்று பயம்.

டைபாய்டு என்றார்கள். குடலில் ரத்தம் கசிகிறது, ஒன்றும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னதாக அம்மா அழுதாள்.

மறுநாள் காலையில் சுகாதார இலாகா ஆட்கள் வந்தார்கள். அவர்களுடைய ஜீப் தெரு முனையில் திரும்பும்போதே அப்பா ஒரு கோணியை எடுத்துப் பம்பின் மேல் போட்டார், அதன் மேல் அழுக்குத் துணிக்கூடையை வைத்தார். அப்போது அவருக்கு வேறு எந்த எண்ணமும் இல்லை, அபராதப் பயம் மட்டும்தான். பிள்ளைகள் வெளியில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார்கள். எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், ஐஸ். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

"பைப்புத் தண்ணிதான் சார்," என்றார் அப்பா.

அக்காவின் ஐஸ்பெட்டியைத் திறந்து பைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் போனதும் எதிர் வீட்டு அம்மா நேராகப் போய் அக்காவின் வாசலில் நின்று மண்ணை வாரி இறைத்தார். "எம் புள்ளைங்களுக்கு வெஷத்த வச்சிட்டியேடி!" என்றார். என் அம்மா தடுக்கவில்லை. அக்கா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, "கொதிக்க வச்சுத்தான் செய்வேன்க்கா... ரெண்டு மூணு நாளு கேஸ் இல்லாதப்ப மட்டும்..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் யாரும் பேசவிடவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். மாமா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மூன்று பேரும் பழையபடி சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் பள்ளிப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கிள்தான் சாக்குக் கட்டியை எடுத்தார். வரிசையை வரைந்தார், பைப்பை வரைந்தார், பம்பை வரைந்தார். பிறகு பைப்புக்குக் குறுக்கே லோங்காங்கை வரைந்தார். அதுவரை எந்தப் படத்திலும் அவர்கள் லோங்காங்கை வரைந்ததில்லை.

"பிரதர்," என்றார் அங்கிள். "அந்த ஒழுக்கு நின்னுச்சே. அது வெளிய வரலன்னா... உள்ள போயிருக்கும்லா."

மாமா படத்தையே பார்த்தார். அவர் கழுத்தில் வேர்வை இறங்குவதை நான் பார்த்தேன். "ஐயோ," என்றார் மெல்ல. "அத்தான், நம்ம சொல்லணும். ஹெல்த்துக்காரங்ககிட்ட இப்பவே சொல்லணும்."

"சொல்லி?"

"அந்தப் பொண்ணு மேல பழி போட்டுட்டாங்க."

"சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?" அப்பாவின் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. "கள்ள பம்பு. மூணு வீட்டுப் புள்ளைங்க. எம் புள்ளையும் அங்கதான் கெடக்குறான். என்னைய உள்ள தள்ளிட்டா இதுங்களுக்கு யாரு?"

அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா எழுந்து, செருப்புப் போடாத காலால் அந்தப் படத்தைத் தேய்த்தார். முதலில் லோங்காங்கைத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க வெள்ளைக் கோடு அழியாமல் இழுபட்டுக்கொண்டே போனது. அப்பா பாய்லர் வெடிக்கும் என்றுகூடப் பயப்படாதவர். அவர் பயப்படுவதை நான் அப்போதுதான் பார்த்தேன். குழாயைப் பார்த்து நான் பயந்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மறுநாள் நான் பள்ளி விட்டு வந்தபோது பம்பு இல்லை. பைப்பில் அது இருந்த இடத்தைப் புதிதாக மூடியிருந்தார்கள். டிரம்மும் இல்லை. மேடை மட்டும் நின்றது. அப்பா தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கவேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எல்லோரும் அவரை நல்ல மனுஷர் என்றார்கள்.

தம்பி பிழைத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது தலையில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியிருந்தது, கழுத்து தலையைத் தாங்க முடியாமல் சாய்ந்தது. ஆனால் பிழைத்துவிட்டான். மற்ற பிள்ளைகளும் எழுந்துவிட்டார்கள். அம்மா கோவிலுக்கும் போனாள், அங்கிளின் சபையிலும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். மாமா அந்தப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். சிமெண்டுத் தரையில் பிறகு யாரும் கூடவில்லை.

அக்காவிடம் யாரும் பேசவில்லை. அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனால் வழியில் கதவுகள் சாத்தப்படும். பூச்சோங் பக்கம் ஒரு வீடு பார்த்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் புருஷன் லோரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். தெருவில் ஒருவரும் வரவில்லை. அப்பா மட்டும் போனார். அலமாரியைத் தூக்கினார், கட்டிலைத் தூக்கினார். அந்த ஐஸ்பெட்டியைத் தோளில் முட்டுக் கொடுத்துத் தனியாளாகவே லோரியில் ஏற்றினார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. எனக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. இப்போது சொல்லிவிடுவார், சொல்லத்தான் போயிருக்கிறார் என்று நினைத்தேன்.

எல்லாம் ஏற்றி முடிந்ததும் அக்கா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அம்மாவின் மடியில் தம்பி உட்கார்ந்திருந்தான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா கிட்டே வராமல் தள்ளியே நின்று தம்பியைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"அண்ணே, நான் கைய நல்லாக் கழுவித்தான் செஞ்சேன். சத்தியமாண்ணே. ஆனா எங்கயோ தப்பு பண்ணிட்டேன். எங்கன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், தெரியல. தண்ணி குடுத்த வீட்டுப் புள்ளைக்கே இப்படிப் பண்ணிட்டேனே." அவருடைய குரல் உடைந்தது. "என்ன மன்னிச்சிருங்கண்ணே."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். தெருவில் யாரும் இல்லை. லோரி என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"சரி தங்கச்சி," என்றார். "ஏதோ தெரியாமச் செஞ்சிட்ட. போனது போகட்டும்."

அக்கா குழந்தையை அணைத்தபடியே குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அப்பா காலை நகர்த்தவில்லை.